தெளிந்த வட்டம்

பதுளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடம், நான்காம் நாள்.
கரண்ட் போய் வந்ததில் இன்குபேட்டர்
ஒருமுறை கனைத்துவிட்டு ஓடத் தொடங்குகிறது.
தட்டைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.

நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த கால் இது.
கால் வரவில்லை,
பஞ்சு சுற்றிய குச்சிதான் வந்தது.
சீட்டில்: ஞானதீபம், வயது 38, கொழுந்து.
அட்டை கடித்த இடம். ஆறு வாரமாய் ஆறாதது.

காயத்தில் இரண்டு சாதி இருந்தன.
இரண்டையும் ஒரே தட்டில் வாழவிட்டேன்.
அப்படிச் செய் என்று யாரும் எழுதியனுப்பவில்லை.

நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு.
தோலில் காலங்காலமாய்க் குடியிருப்பது,
யாருக்கும் கெடுதல் நினைக்காதது என்று பாடநூல் சொல்லும்.
நினைக்காமலே கொல்கிறது.
அதைச் சுற்றி ஒன்றுமே முளைக்காத தெளிந்த வட்டம்,
வட்டத்துக்கு அப்பால் மஞ்சள் மஞ்சளாய்ச் சீழின் சொந்தக்காரர்கள்.

ஆயுதம் என்று பார்த்தால்
முப்பது மணி கோத்த ஒரு சரடு, அவ்வளவுதான்.
சரடில் நேர்மின்; எதிராளியின் சுவரில் எதிர்மின்.
ஒட்டும். மடங்கும். நுழையும்.
ஒரு துளை.
லயத்துத் தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டை
ஒரே மழை இரவில் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு
இதற்குமேல் விளக்க வேண்டாம்.

இன்று அந்த வெறுமைக்குள் புள்ளிகள்.
ஏழு.
மறுபடி எண்ணினேன், ஆறு, ஒன்று தூசி.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன்.
ஏழுதான்.

இவை சரடோடு சண்டைக்குப் போகவில்லை.
சுவரெங்கும் சின்னதொரு அமிலத்தைத்
தையல் தையலாய்த் தைத்துக்கொண்டன.
எதிர்மின் தணிந்தது.
சரடு வந்தது, தொட்டது, பிடி கிடைக்காமல் வழுக்கிப் போனது.
தைக்கிற வேலையில் வளர நேரமில்லை,
அதுதான் கடுகளவு.

தனித்தனியாய் எடுத்துப்
புதுத் தட்டில் அதே சரடின் நடுவே விதைத்தேன்.
மறுநாள் ஐந்து எழுந்தன.
இரண்டு எழவேயில்லை.
அந்த இரண்டும் எங்கே இருந்தன என்று
பழைய தட்டில் தேடினேன்:
ஒரு பெரிய புள்ளியின் தோளை ஒட்டி.
அது சரடை நறுக்கும் கத்தரியை
வெளியே கசியவிடுகிற வகை.
தனக்காகத்தான் வெட்டியது.
கத்தரிக்கு ஏது சொந்தம் பந்தம்?
வெட்டிய இடத்தில்
எதிர்க்கத் தெரியாத இரண்டும் கிடந்து பிழைத்திருக்கின்றன.

மாலையில் போன் எடுத்தாள் ஞானதீபம்.
பின்னால் கொழுந்து நிறுக்கிற சத்தம்.

“அஞ்சு குளிசதான் போட்டேன் மிஸ்.
வலி நின்னுருச்சி.
மிச்சத்த அடுத்த காம்பிரா தமயந்திக்கிக் குடுத்துட்டேன்,
அவளுக்கும் கால்தான்.”

இந்தத் தட்டுக்கும் அந்தக் குளிசைக்கும்
நேரடிச் சம்பந்தமில்லை, எனக்குத் தெரியும்.
அரைகுறை மருந்து என்ன வளர்க்கும் என்பதும் தெரியும்.
மூன்று மொழியில் அச்சடித்த துண்டுப்பிரசுரம்
மேசை லாச்சியில் கட்டாகக் கிடக்கிறது.
அதிலிருந்து ஒரு வரியை
வாய்வரை கொண்டுவந்தேன்.

“ரெண்டு பேரும் வியாழக்கிழமை வாங்க.
ஆளுக்கொரு முழுக் கணக்கு மருந்து,
டாக்டர் ருவந்திகாகிட்ட நானே சொல்லி வைக்கிறேன்.”

தராசுக்காரன் யாரையோ அதட்டுகிறான்.
இருபது கிலோவுக்கு ஒன்றரை குறைவாம், அரைப்பேராம்.

“வர்றோம் மிஸ். வந்தா
அன்னிக்கி எங்களுக்கு யாரு பேர் போடுவா?”

தட்டை ஆட்டோக்ளேவுக்குள் வைத்து மூடினேன்.
நூற்று இருபத்தோரு பாகை, பதினைந்து நிமிடம்.
அறிக்கையில் ‘எதிர்ப்பு: உண்டு’ என்று எழுதினேன்.
யார் யாருடைய தோளை ஒட்டிப் பிழைத்தார்கள் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்:
தமயந்தி, அடுத்த காம்பிரா.